ஏர் எடுத்தது, எரு கொடுத்தது: ஆஸ்டின் டவுன் செம்மண்ணின் கணக்கு

இங்கே டெக்சஸில் புதிதாக அறிமுகமாகும் தமிழர்களிடம் "எனக்கு ஊர் ஆஸ்டின் டவுன்" என்று சொன்னால், "அட, பக்கத்திலதான், வீக்எண்டு போயிட்டு வந்துடலாமே" என்பார்கள். அது வேறு ஆஸ்டின். நான் சொல்வது பெங்களூரில் விவேக் நகருக்கும் நீலசந்திராவுக்கும் பக்கத்தில் இருக்கிற ஆஸ்டின் டவுன். கன்டோன்மென்ட் காலத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பெயர். தெருவுக்குத் தெரு தமிழ், கால்பந்து, சர்ச் மணி, மாரியம்மன் கோயில் கூழ் என்று கலந்து கட்டிய ஏரியா.

மாநகராட்சிக் கணக்கில் இதற்கு இன்னொரு பெயர் உண்டு: எஃப். கிட்டல் நகர். ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர் தெரியாது. ஃபெர்டினாண்ட் கிட்டல் ஒரு ஜெர்மன் பாதிரியார். 1853இல் பாசல் மிஷன் சார்பில் வந்து, 1894இல் சுமார் 70,000 சொற்கள் கொண்ட கன்னட–ஆங்கில அகராதியை வெளியிட்டவர். கன்னடச் சொல்லுக்குப் பக்கத்திலேயே தமிழ், தெலுங்கு, மலையாள உறவுச் சொற்களையும் குறித்துக்கொண்டே போனவர். நம் கொழு கன்னடத்தில் குள. நுகம் அங்கே நொக. சால் அங்கே சாலு. உழு என்பது உளு. நாஞ்சில் அங்கே நேகிலு. காவிரித் தண்ணீருக்கு நாம் எவ்வளவு சண்டை போட்டாலும் ஏர் பூட்டும்போது இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே சொல்தான்.

சரி, ஆஸ்டின் டவுனுக்கும் ஏருக்கும் என்ன சம்பந்தம்? சுற்றிலும் இருக்கும் ஸ்டேடியங்களைப் பாருங்கள். அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியம் இருக்குமிடம் ஒரு காலத்தில் சூளே ஏரி. அக்கித்திம்மனஹள்ளி ஹாக்கி ஸ்டேடியமும் ஏரிதான். கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. கோல்ஃப் ஆடும் இடம் சல்லகட்டா ஏரி. ஏரி இருந்தால் அதற்குக் கீழே வயல் இருக்கும். வயல் இருந்தால் ஏர் ஓடியிருக்கும். பக்கத்துத் தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சொக்கப்பெருமாளுக்கு நிலமும் ஏரியும் தானமாகக் கொடுத்ததை அது சொல்கிறது. ஐ.டி. வருவதற்கு எழுநூறு வருஷம் முன்பே இங்கே தமிழ் பேசி உழுதிருக்கிறார்கள்.

இந்தப் பதிவு அந்த உழவைப் பற்றியது. உழவு மண்ணுக்கு என்ன செய்கிறது, அதைப் பற்றி யார் யார் என்னென்ன சொன்னார்கள், ஊரில் இரண்டு ஏக்கரை யாரிடமோ விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள் :-)

கால்பந்து மைதானத்துப் பாடம்

பெங்களூர்ச் செம்மண்ணை அறிய வயலுக்குப் போக வேண்டியதில்லை. எந்தச் செம்மண் கால்பந்து மைதானமும் போதும். கோடையில் புழுதி பறக்கும். ஒரு மழை அடித்து இரண்டு நாள் வெயில் காய்ந்தால் அதே மைதானம் சிமெண்ட் தரை. விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும்.

காரணம் எளிது. மழைத்துளி விழுகிற வேகத்தில் மண் கட்டிகள் உடைந்து, நுண்ணிய மண் துகள்கள் மேலே இருக்கும் சின்னச் சின்னத் துவாரங்களை அடைத்துக்கொள்கின்றன. காய்ந்தால் அது ஓடு போல இறுகிவிடும். அடுத்த மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும். கடுகைவிடச் சின்னதான ராகி விதை அந்த ஓட்டை முட்டிக்கொண்டு மேலே வர முடியாது. பெங்களூர்ப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 900 மி.மீ. மழை. மே மாதம் ஒரு முறை, செப்டம்பர்–அக்டோபரில் ஒரு முறை என்று இரண்டு தடவை உச்சம். அந்தத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கிவிட்டால் ராகி. இறக்காவிட்டால் சாக்கடையில் சிவப்புத் தண்ணீர்.

இங்கேதான் ஏர் வருகிறது. உழவு ஓட்டை உடைக்கிறது. தண்ணீர் இறங்க வழி விடுகிறது. வேர் மூச்சு விட மண்ணுக்குள் காற்றை அனுப்புகிறது. களையைப் பிடுங்கி வெயிலில் போடுகிறது. கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் வெயிலில் காய்ந்து சாகும். மண்ணுக்குள் தூங்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து காக்கைக்கும் மைனாவுக்கும் சாப்பாடு ஆகும். போட்ட குப்பை எரு மண்ணோடு கலக்கும். கடைசியில் பரம்பு ஓட்டிச் சமன் செய்தால், விதையைச் சுற்றி மண் நெருக்கமாக உட்கார்ந்து ஈரத்தை விதைக்குக் கொடுக்கும். சித்திரை மாத உழவைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்று நம் பாட்டிகள் சொன்னது இதற்குத்தான். கோடை மழை பெய்யும்போது மண் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஏரிக்குக் கீழே இருக்கும் நெல் வயலில் கதை தலைகீழ். அங்கே தண்ணீர் நிறுத்திச் சேற்றில் உழுவது மண் கட்டியை உடைத்துக் குழம்பாக்கத்தான். குழம்பின் நுண்துகள் கீழே படிந்து தண்ணீர் இறங்காத ஓர் அடுக்கு உண்டாகும். புன்செய்யில் எது நோயோ, நன்செய்யில் அதுவே மருந்து. ஒரே ஏர், ஒரே மாடு, ஒரே ஆள், இரண்டு எதிரெதிர் வேலை.

எல்லாவற்றுக்கும் மேலே பதம். ஈரம் அதிகமாக இருக்கும்போது புன்செய்யை உழுதால் கட்டி செங்கல்லாகக் காயும். ரொம்பக் காய்ந்தபின் உழுதால் ஏர் மேலே வழுக்கும், மாடு இளைக்கும். கையில் மண்ணை எடுத்துப் பிடித்து, உதிர்த்துப் பார்த்து, "இன்னைக்கு வேணாம், நாளன்னைக்குப் பூட்டலாம்" என்று முடிவு செய்கிற அந்த அறிவுதான் உழவில் பாதி. அது எந்தப் புத்தகத்திலும் முழுசாக ஏறவில்லை.

வள்ளுவர் எழுதிய பேங்க் பாஸ்புக்

அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் வள்ளுவர் சிலை உங்களுக்குத் தெரியும். 1991இலிருந்து கோணி போர்த்தி நின்று, 2009 ஆகஸ்டில்தான் வெளிச்சம் பார்த்தது. அந்தச் சிலைக்கு மாலை போடுகிற நாம், உழவு அதிகாரத்தை மேடையில் பெருமைக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அதில் இரண்டு குறள்கள் பச்சை வேளாண் விஞ்ஞானம்.

ஒரு குறள் சொல்வது: ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவுக்கு உழுது காயவிட்டால், ஒரு பிடி எருகூட இல்லாமல் பயிர் செழிக்கும். அடுத்த குறளிலேயே அவர் சொல்வது: உழுவதைவிட எரு இடுவது நல்லது. முதலில் எரு வேண்டாம் என்கிறார், உடனே எருதான் முக்கியம் என்கிறார். முரண்பாடு மாதிரி தெரியும். உரையாசிரியர்கள் இதைப் பல விதமாக இணைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

1958இல் கென்யாவில் வேலை பார்த்த எச். எஃப். பர்ச் என்ற மண் ஆராய்ச்சியாளர் ஒன்றைக் காட்டினார். நன்றாகக் காய்ந்த மண்ணில் மழை பட்டதும், அதிலுள்ள நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு, மண்ணின் மக்கைத் திடீரென்று தின்று தழைச்சத்தை வெளியே தள்ளுகின்றன. மண் எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவு பெரிய தள்ளல். இன்றும் மண்ணியல் புத்தகங்களில் இதற்குப் பர்ச் விளைவு என்றே பெயர். முதல் மழைக்குப் பிறகு விதைத்த பயிர் கரும்பச்சையாகக் கிளம்புவது இதனால்தான். வள்ளுவரின் முதல் குறளுக்கு விஞ்ஞானத்தில் இதைவிட நல்ல உரை கிடைக்காது.

ஆனால் அந்தச் சத்து எங்கிருந்து வந்தது? மண்ணின் மக்கிலிருந்து. அதாவது சேமிப்பிலிருந்து. உழுவது, காயவிடுவது எல்லாம் கணக்கிலிருந்து பணம் எடுப்பது. எரு போடுவது கணக்கில் பணம் கட்டுவது. எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் பேலன்ஸ் தீரும். அதனால்தான் அடுத்த குறள் உடனே வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அது ஒரு பாஸ்புக். ஒரு பக்கம் எடுப்பு, மறு பக்கம் கட்டு.

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். உழவின் வரலாறு என்பது, கலப்பையின் வரலாறு மட்டும் இல்லை. எடுப்பும் கட்டும் சேர்ந்திருந்த காலம், பிரிந்த காலம் ஆகியவற்றின் வரலாறு.

1800, ஒரு டாக்டரின் பயணம்

திப்பு வீழ்ந்த மறு வருஷம், 1800 ஏப்ரலில், ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் சென்னையிலிருந்து கிளம்பி மே மாதம் பெங்களூர் வந்தார். புதிதாகப் பிடித்த நாட்டில் என்ன விளைகிறது, எப்படி விளைகிறது என்று கம்பெனிக்குக் கணக்கு எடுக்கும் வேலை. 1807இல் மூன்று தொகுதிகளாக அது வெளிவந்தது.

மைசூர் நாட்டுக் கலப்பை அவருக்குப் பிடிக்கவில்லை. முன்னால் மண்ணைக் கிழிக்கும் கத்தி இல்லை, மண்ணைப் புரட்டிப் போடும் வளைபலகை இல்லை, பிடியில் உழுபவனுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று எழுதினார். பார்த்தது சரிதான். நம் நாட்டுக் கலப்பை மண்ணைப் புரட்டாது. V மாதிரி ஒரு கீறல் போடும். இரண்டு கீறலுக்கு நடுவே உழாத மண் நிற்கும். அதனால் குறுக்கும் நெடுக்குமாகப் பல தடவை உழ வேண்டும். "ஆழ உழுதாலும் அடுக்க உழு" என்ற பழமொழி வந்ததே இந்தக் கலப்பையால்தான்.

ஆனால் புக்கானன் இன்னும் சிலவற்றையும் பார்த்து எழுதினார். மூங்கில் குழாய்கள் வழியாக விதையை வரிசையாக இறக்கும் கூரிகெ. பயிர் முளைத்தபின் வரிசைக்கு நடுவே மாடு கட்டி இழுத்துக் களை எடுக்கும் குண்டெ. விவசாயிகள் குழி வெட்டிச் சேர்த்துவைக்கும் எரு. இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் 1701இல் விதைக்கும் இயந்திரம் செய்ததைப் பெரிய புரட்சி என்று அவர்கள் படித்திருந்தார்கள். 1790களில் தாமஸ் ஹால்காட் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி ஆந்திரப் பக்கத்தில் சாதாரணக் குடியானவர்கள் அப்படி ஒரு கருவியை வைத்து விதைப்பதைக் கண்டு அசந்துபோய், லண்டனில் இருந்த விவசாய வாரியத்துக்கு எழுதினார். தரம்பால் 1971இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தக் கடிதங்கள் மறுபதிப்பு ஆகியிருக்கின்றன.

ஆக, மேலோட்டமாகக் கீறும் கலப்பை தனியாக இல்லை. அது ஒரு செட். லேசான கலப்பை மண்ணின் ஈரத்தையும் மக்கையும் ஒரேயடியாக வெயிலில் கொட்டாது. வரிசை விதைப்பும் குண்டெயும் களையைப் பார்த்துக்கொள்ளும். கலப்பையை இழுத்த அதே மாடு, ராத்திரி கொட்டகையில் எருவையும் கொடுத்துவிடும். எடுக்கிற கையும் கட்டுகிற கையும் ஒரே மாட்டினுடையது.

ஆழ உழச் சொன்னவர்களும் அளந்து பார்த்தவரும்

1860களில் சென்னை ஆளுநர் சர் வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, பலுகு, விதைப்புக் கருவி என்று வரவழைத்துச் சைதாப்பேட்டையில் ஒரு மாதிரிப் பண்ணை வைத்தார். நம் ஆட்களுக்கு "முறையாக" உழக் கற்றுக்கொடுப்பதே நோக்கம். நீராவிக் கலப்பை எந்தக் குடியானவன் வயலுக்கும் போய்ச் சேரவில்லை. பண்ணையோடு வளர்ந்த விவசாயப் பள்ளி மட்டும் மிஞ்சியது. 1906இல் அது கோயம்புத்தூருக்குப் போய், இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வேர் ஆனது.

1889இல் ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்ற விவசாய ரசாயன நிபுணரை லண்டனிலிருந்து அனுப்பினார்கள். இந்திய விவசாயத்தை எப்படிச் சீர்திருத்துவது என்று சொல்லும் வேலை. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1893இல் அறிக்கை கொடுத்தார். இந்திய ரயத்து சராசரி ஆங்கில விவசாயிக்குக் குறைந்தவன் இல்லை, சில விஷயத்தில் மேல் என்று எழுதி எல்லோரையும் முழிக்க வைத்தார். கனமான இரும்புக் கலப்பையை இங்கத்திய மாடு இழுக்காது, உடைந்தால் கிராமத்துத் தச்சரால் சரி செய்ய முடியாது, நாட்டுக் கலப்பை நிலைமைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது என்பது அவர் கணிப்பு.

அவர் கவலைப்பட்டது வேறு இடத்தில். விறகு இல்லாததால் சாணத்தை வறட்டி தட்டி எரிக்கிறார்கள். மண்ணுக்குப் போக வேண்டியது அடுப்புக்குப் போகிறது. விறகுக்கு மரம் வளர்த்துக் கொடுங்கள், எரு தானாக வயலுக்குப் போகும் என்றார். வள்ளுவர் சொன்ன அதே வரிசை: ஏரைவிட எரு.

மைசூர் சமஸ்தானமும் பின்தங்கவில்லை. 1899இல் மகாராணி கெம்பநஞ்சம்மணி ஹெப்பாளில் 30 ஏக்கர் கொடுத்து, டாக்டர் லேமன் பொறுப்பில் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கினார்கள். 1913இல் அங்கேயே லெஸ்லி கோல்மன் என்ற கனடாக்காரரின் கீழ் விவசாயப் பள்ளி வந்தது. 1964இல் அது வேளாண் பல்கலைக்கழகம். பெல்காமில் லக்ஷ்மணராவ் கிர்லோஸ்கர் 1903வாக்கில் இரும்புக் கலப்பை செய்தபோது, இரும்பு பட்டால் மண் விஷமாகும் என்று பயந்து யாரும் வாங்கவில்லை, முதல் கலப்பைகள் விற்கவே இரண்டு வருஷம் ஆனது என்பார்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் கரிசலில் வேர் விட்ட களைக்கு ஆழமாகப் புரட்டும் கலப்பை உதவியதும், மெல்லிய செம்மண்ணில் அதே கலப்பை அடிமண்ணை மேலே கொண்டுவந்து போட்டதும் உண்மை. மண்ணுக்கு மண் பதில் வேறு. பயந்தவர்கள் சொன்ன காரணம் தவறு, ஆனால் யோசித்துவிட்டு வாங்கியது தவறில்லை.

மாடு செத்தபோது

எடுப்பும் கட்டும் ஒரே மாட்டின் கையில் இருந்ததில் ஓர் ஆபத்து உண்டு. 1876–78 பஞ்சத்தில் அது வெளியே வந்தது. மழை பொய்த்ததும் முதலில் தீர்ந்தது தீவனம். மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. பிறகு மழை வந்தபோது பூட்ட மாடு இல்லை, போட எரு இல்லை. மைசூர் சமஸ்தானத்தின் மக்கள் தொகை 1871இல் 50,55,412. 1881இல் 41,86,188. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பக்கமும் அதே பஞ்சம்தான். 1809இல் அமைந்த கன்டோன்மென்டுக்கு அதற்கு முன்பிருந்தே தமிழர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பஞ்சத்துக்குப் பிறகும் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்தார்கள். 1880களில் கோலார் தங்கவயல் திறந்தபோது அங்கேயும் போனார்கள். வந்தவர்களில் பலர் ஏர் ஓட்டியவர்கள். ஆனால் நிலம் அவர்களுடையது இல்லை. பண்ணையாள், படியாள் என்று பிறர் நிலத்தை உழுதவர்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் அந்த மக்களின் நிலைமையைப் பற்றி விரிவாக எழுதிய அறிக்கையும், 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கச் சொன்ன அரசாணையும் இதற்குச் சாட்சி.

என் தாத்தாவும் அப்படித்தான். திருப்பத்தூர்ப் பக்கத்தில் மற்றவர் நிலத்தில் ஏர் ஓட்டிவிட்டு ஆஸ்டின் டவுனுக்கு வந்தவர். "மண்ணு எங்க இறுகியிருக்குன்னு மாட்டுக்குத் தெரியும்டா, அது தயங்கற இடத்துல மேழிய லேசா தூக்கணும்" என்பார். உழவைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. உழவனை வள்ளுவர் உலகத்துக்கு அச்சாணி என்றார். குவெம்பு நேகில யோகி என்றார், கர்நாடகத்தில் அது அதிகாரபூர்வ விவசாயி கீதமாகவே இருக்கிறது. ஆனால் மேழி பிடித்த கை பெரும்பாலும் வரப்புக்குச் சொந்தமில்லாத கை. மண்ணின் பதம் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்கள் பட்டணம் வந்தபோது அந்த அறிவும் ரயிலேறி வந்து, குசினிகளிலும் ரயில்வே யார்டிலும் ராணுவக் கிடங்குகளிலும் கரைந்துபோனது. உழைத்தவர்கள் தப்பித்தார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். மண்ணுக்குத்தான் நஷ்டம்.

டெக்சஸில் பறந்த மண்

இதே கணக்கைக் கட்டாமல் எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, நான் இப்போது இருக்கும் மாநிலத்தின் வட மூலைக்குப் போனால் போதும். 1837இல் ஜான் டியர் எஃகுக் கலப்பை செய்தார். அமெரிக்கப் புல்வெளி மண்ணை அது வெண்ணெய் மாதிரி வெட்டியது. 1910களிலும் 20களிலும் கோதுமை விலை ஏறியபோது டெக்சஸ், ஓக்லஹோமா, கான்சஸ் சமவெளிகளை டிராக்டர் வைத்துப் புரட்டினார்கள். புல் பல ஆயிரம் வருஷமாகச் சேர்த்த மக்கு அது. முதலில் விளைச்சல் கொட்டியது.

1930களில் மழை பொய்த்தது. பிடித்துக்கொள்ளப் புல் வேர் இல்லை. 1934 மே மாதம் அந்த மண் நியூயார்க், வாஷிங்டன் வரை பறந்தது. 1935 ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமை பகலில் இருட்டியது. கறுப்பு ஞாயிறு என்று இன்றும் பெயர். அதே மாதம் 27ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஹியூ பென்னட் தலைமையில் தனித் துறை வந்தது. 1943இல் எட்வர்ட் ஃபால்க்னர் புரட்டிப் போடும் கலப்பையே முட்டாள்தனம் என்று ஒரு புத்தகம் எழுதினார். உழாத விவசாயம் பிறகு அமெரிக்காவிலும் பிரேசில், அர்ஜென்டினாவிலும் பெரிதாகப் பரவியது. மண் அரிப்பு குறைந்தது நிஜம். களையை ஏருக்குப் பதில் களைக்கொல்லி பார்த்துக்கொள்கிறது என்பதும் நிஜம்.

ஆக, நூறு வருஷம் "ஆழ உழு" என்றார்கள். இப்போது "உழாதே" என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டையும் அப்படியே நம் ஊர்ச் செம்மண்ணில் கொண்டுபோய்ப் போட முடியாது. ஓடு கட்டும் மண்ணை மூடாக்கு எதுவும் இல்லாமல் உழாமலும் விட்டால் மழை அத்தனையும் ஓடிப்போகும். மூடாக்குக்கு வைக்கோல் வேண்டும், வைக்கோலுக்கு மாடும் போட்டி. நம்மாழ்வார் கடைசி வரை மூடாக்கு மூடாக்கு என்று சொன்னது இந்தக் கணக்கின் கட்டும் பக்கத்தைப் பற்றித்தான்.

இன்று உங்கள் இரண்டு ஏக்கரில்

இப்போது ஊரில் என்ன நடக்கிறது? ஏர் மாடு அநேகமாகப் போய்விட்டது. மணிக்கணக்கில் டிராக்டர் வாடகை. ஒன்பது கொத்து ஒரு ஓட்டு, ரோட்டவேட்டர் ஒரு ஓட்டு, முடிந்தது. ரோட்டவேட்டர் ஓட்டிய நிலத்தைப் பார்க்க அழகாக இருக்கும், மாவு மாதிரி. ஆனால் அந்த மாவுதான் முதல் மழையில் முதலில் ஓடு கட்டும். வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் கத்தி சுற்றுவதாலும் டிராக்டர் எடையாலும் அதற்குக் கீழே ஒரு கெட்டித் தட்டு உருவாகிறது. வேர் அங்கே முட்டித் திரும்புகிறது. தண்ணீர் அங்கே நின்றுவிடுகிறது. டிராக்டர் சாணி போடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எடுக்கிற கை நூறு மடங்கு பலமானது. கட்டுகிற கை காணாமல் போனது. யூரியா மூட்டை பயிருக்குச் சம்பளம் கொடுக்கும், மண்ணின் சேமிப்பில் சேராது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. கெட்டித் தட்டு உள்ள செம்மண்ணில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை உளிக் கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஆழக் கீறி, ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரமோ மக்கிய தென்னை நார்க் கழிவோ போடச் சொல்கிறது கோவைப் பல்கலைக்கழகம். உளிக் கலப்பை மண்ணைப் புரட்டாது, கீறும். நம் பழைய நாட்டுக் கலப்பையின் இரும்புப் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் 8 வரிசை ராகிக்கு 2 வரிசை துவரை போட்டு, துவரை நடுவே மழை ஈரத்தைப் பிடிக்க ஒரு சால் இழுக்கச் சொல்கிறார்கள். சரிவுக்குக் குறுக்கே உழுவது, கோடை மழையோடு உழுவது, ஆட்டுக் கிடை போடுவது எல்லாம் நம் தாத்தாக்களுக்குத் தெரிந்ததுதான்.

தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? இங்கேதான் நம் பங்கு வருகிறது. 1974இல் தேவராஜ் அர்ஸ் ஆட்சியில் கர்நாடகம் குத்தகையை ஒழித்து, "உளுவவனே ஹொலதொடெய" என்றது. உழுபவனே நிலத்துக்குச் சொந்தக்காரன். தமிழ்நாட்டில் 1955இலேயே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நியாயமான சட்டங்கள். அதன் நிழலில் வெளியூர்க்காரர்கள் நாம் என்ன செய்கிறோம்? எங்கே உரிமை கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, எழுத்து இல்லாமல் வாய்ப்பேச்சில், வருஷத்துக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி விடுகிறோம். அடுத்த வருஷம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் எந்த மனுஷன் எரு வண்டியை இறக்குவான்? எருவின் பலன் மூன்று வருஷத்துக்கு வரும். அவர் கையில் இருப்பது ஒரு வருஷம். அவர் எடுக்கத்தான் செய்வார். அவர் இடத்தில் நானும் நீங்களும் இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

அதனால் அடுத்த முறை ஊருக்கு போன் போட்டு "இந்த வருஷம் எவ்வளவு கொடுப்பீங்க" என்று கேட்பதற்கு முன் வேறு மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக எரு போட்டது எந்த வருஷம்? எதை வைத்து, எந்தப் பக்கமாக உழுகிறார்கள்? மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டினால் கெட்டித் தட்டு தட்டுகிறதா? பதில் சரியில்லை என்றால் உழுபவரைத் திட்டாதீர்கள். எருச் செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அதே ஆளுக்கு நாலைந்து வருஷம் விடுங்கள், ஒரு காகிதத்தில் இரண்டு பேரும் எழுதிக்கொள்ளுங்கள். வாடகையில் கொஞ்சம் குறையும். இங்கே நாம் 401கே கணக்கில் மாதா மாதம் போடுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ஆஸ்டின் டவுன் மண்ணின் மேல் வீடுகள் வந்துவிட்டன, அங்கே இனி எவரும் ஏர் பூட்டப் போவதில்லை. உங்கள் மண் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. சித்திரைக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள்.